ம் கொட்டியவன்

எனக்கு இருமல் ஆகாது. எனக்கு வருகிற இருமலைச் சொல்லவில்லை, நாடாவில் பதிவாகிற இருமலைச் சொல்கிறேன். பாட்டு அருமையாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் எவனாவது தொண்டையைச் செருமுவான், ஒரு குழந்தை வீறிடும், பின்னால் யாரோ தட்டைக் கீழே போடுவார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டிப் பாட்டைக் கேட்டுவிடுவார்கள். என்னால் முடியாது. பிளேடை எடுத்து அந்த இடத்தை வெட்டி வீசினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்தக் கிறுக்குத்தனத்தை வைத்துத்தான் நான் துபாயில் பிழைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தேராவில் சப்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நானும் என் மனைவியின் தம்பியும் ஒரு கேசட் கடை நடத்தினோம். முன்பக்கம் மச்சினனின் ஆட்சி: கேசட், வாக்மேன், கீபோர்டு விற்பனை. பலகைத் தடுப்புக்குப் பின்பக்கம் என் ராஜ்ஜியம்: இரண்டு கேசட் டெக், ஒரு பழைய ரீல் மெஷின், ஒரு மைக், ஒரு டப்பா பிளேடு. ஊரிலிருந்து வருகிறவர்கள் கல்யாணப் பாட்டு, மவ்லிது ஓதல், பயான் பேச்சு என்று பழைய ரீல்களைக் கொண்டுவருவார்கள். நான் சுத்தம் செய்து புதுக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். எல்லாருக்கும் நான் காக்கா, அதாவது அண்ணன். “காக்கா கடைக் கேசட்டுல ஒரு தும்மல் இருக்காது” என்று சார்ஜா வரைக்கும் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குத் தலைகால் புரியாமல் போனதும் உண்மை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். யாராவது பேசினால் நான் வாயே திறக்கமாட்டேன். காதில் விழுகிறதா, போதும். அதற்குமேல் என்ன பதில்? வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி சண்டை பிடிப்பாள். “ம்முன்னாவது சொல்லுங்களேன்! லைன் போச்சா, ஆளு போனாரான்னு தெரியாம நான் செவுத்துக்கிட்டயா பேசுறேன்?” அதற்கும் நான் பேசாமல்தான் இருப்பேன்.

அந்த நாளில் ஆப்பிரிக்க வியாபாரிகள் தேராவை மொய்த்துக் கிடப்பார்கள். துணி, ரேடியோ, பாத்திரம் என்று வாங்கி, ஆள் உயரத்துக்கு மூட்டை கட்டி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். அப்படித்தான் ஒரு நாள் அந்த அம்மா கடைக்குள் வந்தார். காம்பியாக்காரர், நாற்பது வயதிருக்கும். தரை கூட்டுகிற மாதிரி ஒரு மஞ்சள் அங்கி, அதே துணியில் பெரிய தலைக்கட்டு. உள்ளே வந்து உரக்க சலாம் சொன்னார். பதிலுக்கு மச்சினன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து, ஆறு கீபோர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள அத்தனை தாளத்தையும் போட்டுக் காட்டச் சொன்னார். மச்சினன் பாதியிலேயே வியர்த்துப்போனான்.

கீபோர்டு எல்லாம் அவருடைய தம்பிகளுக்கு. அவர்கள் ஊரில் பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். “இப்பல்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிடுறவன், கீபோர்டு இருக்கான்னுதான் மொதல்ல கேக்குறான்” என்றார். எங்கள் பேச்செல்லாம் உடைந்த இங்கிலீஷும், கொஞ்சம் அரபியும், அவர் தேராவில் பொறுக்கிய ரெண்டு வார்த்தை இந்தியும்தான். எழுதுவதற்கு வசதியாகத் தமிழில் சொல்கிறேன். நான் அவரை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் அக்காவை அப்படித்தான் சொல்வோம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

“உன் குடும்பப் பேர் என்ன?” என்று கேட்டார்.

“எங்க பக்கம் குடும்பப் பேர் கிடையாது லாத்தா. இனிஷியல்தான். வாப்பா பேரோட முதல் எழுத்து.”

“ஒரு எழுத்தா! உன் வாப்பாவை ஒரே எழுத்துல முடிச்சிட்டியா? சரி, அவரோட வாப்பா?”

சொன்னேன். “அவரோட வாப்பா?” என்றார். திருதிருவென்று விழித்தேன். அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “இந்தப் பயறுதின்னிக்கு மூணாவது ஆளுக்கே மூச்சு வாங்குது!” அவர்கள் ஊரில் சில குடும்பங்களுக்குள் இப்படிக் கேலி பேசிக்கொள்ளும் உறவு உண்டாம். எதிராளியைப் பயறு தின்கிறவன் என்பதுதான் அதில் பெரிய வசவு. என்னை அந்த உறவில் சேர்த்துவிட்டதாக அந்த இடத்திலேயே அறிவித்தார். அன்றிலிருந்து மச்சினனுக்கும் நான் பயறுதின்னி ஆகிவிட்டேன்.

அவருக்கு மட்டும் இதெல்லாம் எப்படி அத்துபடி என்றால், அவர் பிறந்தது ஜாலி என்கிற பாணர் குடும்பத்தில். ஊரிலுள்ள மற்றக் குடும்பங்களின் முன்னோரை நினைவில் வைத்திருந்து, யார் மகன் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன நல்லது செய்தார், எங்கே சறுக்கினார் என்று சபையில் பாடிச் சொல்வதுதான் ஜாலிகளின் வேலை. கூடவே கோரா வாசிப்பார்கள். பெரிய சுரைக்குடுவையைப் பாதியாகப் பிளந்து, தோல் போர்த்தி, இருபத்தொரு நரம்பு கட்டிய வாத்தியம் அது. அவருடைய வாப்பா அதில் பெரிய ஆள். தம்பிகள் கீபோர்டுக்குப் போனார்கள். இவர் துணி வியாபாரத்துக்கு வந்தார். “என் குரல் சந்தையில வெல சொல்லியே கிழிஞ்சு போச்சு” என்றார், அதையும் சிரித்துக்கொண்டுதான்.

மறுநாள் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு ரீல்.

அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ரேடியோவிலிருந்து ஒருவர் மெஷினோடு அவர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறார். ஒரு சாயங்காலம் முழுக்க வாப்பா கோராவோடு ஊரின் வம்ச வரலாற்றைச் சொல்ல, அதைப் பதிந்து ஒரு நகலை வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார். வாப்பா மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. ரேடியோக்காரர்கள் தங்கள் நாடாவை அழித்துவிட்டார்களாம், அவர் குரல் இருப்பது உலகத்தில் இந்த ஒரு ரீலில் மட்டும்தான். தம்பிகளுக்கு அந்த வரிசை முழுசாகத் தெரியாது. இதைக் கேசட்டாக்கி ஊருக்கே கொடுக்க வேண்டும் என்பது லாத்தாவின் திட்டம். ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் தம்பிகளின் கீபோர்டுப் பாட்டு.

“தம்பிங்க பாட்டுக்காக வாங்குறவன், திருப்பிப் போட்டா வாப்பாவைக் கேட்டுத்தானே ஆகணும்!” என்றார். வியாபாரி மூளை.

அவர் மக்காவுக்கு உம்ரா போய்விட்டு ஐந்து நாளில் திரும்பி வருவதாகவும், அதிலிருந்து பத்தாம் நாள் ஊருக்கு விமானம் என்றும் சொன்னார். போகும்போது ரீலை என் கையில் கொடுத்து, என் கையைத் தன் இரண்டு கையாலும் மூடி ஒரு நிமிஷம் பிடித்திருந்தார். சிரிக்கவில்லை. அந்த அம்மா சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரீலை ஓட்டினேன். யா அல்லாஹ், என்ன வாசிப்பு! மெஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒரு வரி முடிந்ததும் ஒரு பொடிப் பெண்ணின் குரல், “நாமு” என்றது. அடுத்த வரி முடிந்தது. “நாமு.” அடுத்தது. “நாமு.” எனக்கு எரிய ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய வித்வான் சொல்லிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து நச்சரிக்க விட்டிருக்கிறார்களே! யாருக்குமே அதைத் தூக்கிக்கொண்டு போகத் தோன்றவில்லையா? நடுவில் ஓரிடத்தில் அந்த மனுஷனே வாசிப்பை நிறுத்தி அவளிடம் ஏதோ கேட்கிறார், அவள் ஏதோ சொல்கிறாள், கூட்டம் சிரிக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. பிளேடு டப்பாவைத் திறந்தேன்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். “மச்சான், ஒரு காப்பி எடுத்துட்டு அப்புறம் வெட்டலாமே?”

“யாருக்குடா சொல்லித் தர்றே? பழைய நாடா, எத்தன தடவ ஓட்டுறது? அசலையே சுத்தமாக் குடுத்தா அந்த லாத்தா எவ்வளவு சந்தோசப்படுவாங்க தெரியுமா?”

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். மெஷினில் நாடாவைக் கையால் உருட்டி, “நாமு” ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு, முடியும் இடத்தில் ஒரு கோடு. பிளேடால் சாய்வாக வெட்டு. மீதி இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டு. மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தேன். நூற்றுக்கு மேல் துண்டுகள் போயின. விரல் நீளம், சாண் நீளம் என்று. அந்தச் சிரிப்பு வந்த இடம் மட்டும் பல முழம் இருந்தது. அதன் இரண்டு பக்கத்திலும் பிசிறு இல்லாமல் சேர்க்க, முன்னும் பின்னும் நாலைந்து வரியையும் சேர்த்தே வெட்டினேன். ஓட்டிப் பார்த்தால் ஒட்டுத் தெரியவே இல்லை, கோரா தண்ணீராய் ஓடியது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

லாத்தா உம்ரா முடித்து வந்தார். ஹெட்போனை மாட்டிக் கொடுத்துவிட்டு, பாராட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் வரியில் கண்ணை மூடிச் சிரித்தார். வரி முடிந்த இடத்தில் அவர் உதடு லேசாகத் திறந்தது. அடுத்த வரி வந்துவிட்டது. சிரிப்பு குறைந்தது. இன்னொரு வரி. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதற்கோ காத்திருப்பது போலக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவ எங்கே?”

“யாரு லாத்தா?”

“பதில் சொன்ன பொண்ணு.”

“அதுவா! அந்தத் தொந்தரவை எல்லாம் எடுத்துட்டேன். எப்படி, சுத்தமா இருக்குல்ல?”

“அது நான்” என்றார்.

அவர் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாக விளக்கினார். ஜாலி ஒரு வரி சொன்னால், கேட்கிறவர்களில் ஒருவர் “நாமு” என்று சொல்ல வேண்டும். ஆமாம், கேட்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். பதில் வராமல் ஜாலி அடுத்த வரிக்குப் போகமாட்டார். வழக்கமாகப் பதில் சொல்கிற சித்தப்பாவுக்கு அன்றைக்குப் பல்வலியில் கன்னம் வீங்கிப்போயிருந்தது. வாப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்.

“இந்தக் கேசட்டை ஊர்ல போட்டா சிரிப்பாங்க. கேக்குறதுக்கு ஆளில்லாம ஒரு மனுஷன் தனியாப் பொலம்புறார்னு சொல்லுவாங்க. எங்க வாப்பாவைப் பைத்தியமாக்கிட்டியே பிரதர்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட, இது ம் கொட்டுவதல்லவா! எங்கள் வீட்டில் கதை சொல்லும்போது நாங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டு செய்தது இதுதானே? ம் நின்றால் கதை நின்றுபோகும், தூங்கிட்டியாடா என்று கேள்வி வரும். அதைப் போய்த் தொந்தரவு என்று வெட்டி எறிந்திருக்கிறேனே. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“துண்டெல்லாம் இருக்கு லாத்தா. எல்லாத்தையும் திரும்ப ஒட்டித் தர்றேன்” என்றேன். மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியை இழுத்தேன். சின்னத் துண்டுகள் நூல்கண்டு மாதிரி கிடந்தன. நீளமானது ஒன்றுகூட இல்லை.

“டேய்! நீளமா இருந்த துண்டெல்லாம் எங்கடா?”

மச்சினன் முகம் வெளிறிவிட்டது. “மச்சான்… அது… பால்கனியில…”

“பால்கனியில?”

“புறாவுக்கு.”

எங்கள் ரூம் நாயிஃப் பக்கம் மூன்றாம் மாடியில். பால்கனியில் காயப்போட்ட துணியைப் புறாக்கள் நாசம் பண்ணும். காற்றில் பளபளவென்று ஆடுகிற நாடாவைக் கட்டினால் புறா வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேஸ்ட் நாடாதானே என்று இவன் கொண்டுபோய்க் கம்பியில் வரிசையாகக் கட்டியிருக்கிறான். வேஸ்ட் என்று சொன்னவனே நான்தான், அவனை என்ன சொல்ல? லாத்தாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

புறா பயந்தமாதிரித் தெரியவில்லை. நாடா சிலது கம்பியில் இருந்தது. மீதியை அவை இழுத்துக்கொண்டு போய், ஏசிப் பெட்டிக்குப் பின்னால் சுள்ளியோடு சேர்த்துக் கூடே கட்டிவிட்டன. மச்சினன் என் தோளில் ஏறி, “பிஸ்மில்லா, பிஸ்மில்லா” என்றபடி ஒவ்வொன்றாக உருவினான். ஒரு புறா அவன் தலையிலேயே வந்து கொத்தியது. “கொத்தட்டும்டா, வாங்கிக்கோ!” என்று நான் கீழேயிருந்து கத்தினேன். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்தோம்.

லாத்தா டின்னைத் திறந்தார். நாடா, சுள்ளி, நாலு இறகு. கதையைக் கேட்டார். அவர் உதடு துடித்தது. சரி, இப்போது அழப்போகிறார் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தார். “எங்க வாப்பா பேச்சு புறாவுக்குப் பிடிச்சிருக்கு! உனக்குத்தான் பிடிக்கல!” என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு அங்கியின் கைகளைச் சுருட்டிக்கொண்டார். “யல்லா, பயறுதின்னி. ஆரம்பி.”

தேராவில் கடைகள் ஒன்றுக்கு மூடி நாலுக்குத் திறக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, மச்சினன் வாசலில் உட்கார்ந்திருப்பான். நானும் லாத்தாவும் மெஷினுக்கு முன்னால். ஒட்டு எங்கே எங்கே இருக்கிறது என்பது நாடாவைப் பார்த்தால் தெரியும். எந்த ஒட்டில் எந்தத் துண்டு என்பதுதான் தலைவலி. எல்லாம் “நாமு”தானே!

ஒவ்வொரு துண்டாக மெஷினில் வைத்துக் கையால் இழுத்துக் காட்டுவேன். லாத்தா கண்ணை மூடிக் கேட்பார்.

“இது கடலை தின்னுக்கிட்டே சொன்னது. மூணாவது ராஜாவுக்கு அப்புறம்தான் அம்மா கடலை கொண்டுவந்தாங்க.”

“இது?”

“விக்கல். கடலைக்கு அப்புறம்.”

“இது ஏன் இவ்வளவு வேகமா இருக்கு?”

“அவசரமா வெளிய போகணும். எழுந்திரிச்சா வாப்பா நிறுத்திடுவார். அதனால அடக்கிக்கிட்டு இருந்தேன்.” அந்த வேகமான “நாமு” மட்டும் பதினாலு இருந்தது. பாவம், சின்னப் பிள்ளை.

அவருக்குத் தெரியாத இடத்தில் என் காது உதவியது. துண்டில் பிள்ளைக் குரலுக்கு அடியில் கோராவின் இரண்டு மூன்று சுரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுரம் எந்த வரியின் கடைசிச் சுரத்தோடு சேருகிறது என்று தேடிப் பிடிப்பேன். பொருந்தியதும் லாத்தா என் முதுகில் ஒன்று வைப்பார். நாலாம் நாளுக்குள் எனக்கு வலது தோள் வீங்கிவிட்டது. இருமலை வெட்டுவதற்காக வளர்த்த காது, அந்தப் பிள்ளையின் விக்கலைத் திரும்ப வைக்கப் பயன்பட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடை திறந்த பிறகும் விசிலடித்துக்கொண்டே இருந்தேன். மச்சினன் பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தான்.

எட்டாம் நாள் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்தச் சிரிப்பு வந்த நீளத் துண்டு. வெயிலிலும் ஏசித் தண்ணீரிலும் கிடந்து மேல்பூச்சு உரிந்துபோயிருந்தது. மெஷினில் போட்டால் கரகரவென்ற சத்தம்தான். மூன்று தலைமுறைக்கான வரிகள் அதோடு போயிருந்தன.

நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி, அதற்கு மறுநாள் அவருக்கு விமானம். லாத்தா அந்தத் துண்டைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

“அந்த வரி எனக்குத் தெரியும். நானே சொல்றேன், நீ பதிஞ்சு ஒட்டு. ஆனா உனக்குத் தண்டனை உண்டு. நாளைக்குள்ள உன் மூணாவது ஆளோட பேரைக் கேட்டு வா.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. போன் போட்டதும் உம்மா பதறிவிட்டார். “வாப்பாட வாப்பாவுக்கு வாப்பா பேரா? எதுக்கு ராசா இப்ப அவுக பேரு? விசாவுல ஏதும் கோளாறா? போலீசு கேக்குதா?” ஒன்றுமில்லை, ஒரு லாத்தா கேட்கிறார்கள் என்றேன். அந்தப் பக்கம் மனைவி ரிசீவரைப் பிடுங்கினாள். “எந்த லாத்தா?” அது தனிக் கதை. கடைசியில் பெரியவாப்பாவிடம் ஆள் அனுப்பி விசாரித்துப் பேரைச் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள். மூன்று பேரின் பெயரையும் லாத்தாவிடம் ஒப்பித்துவிட்டு மைக்கை வைத்தேன். கோராவுக்கு எங்கே போவது? மச்சினன் ஒரு கீபோர்டைக் கொண்டுவந்து, அதில் நரம்பு வாத்தியச் சத்தம் வருகிற பட்டனை அழுத்தினான். லாத்தா நாலு கட்டையைக் காட்டி, இதையே மாற்றி மாற்றித் தட்டு என்றார். அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு தட்டினான். லாத்தா முதல் வரியைச் சொன்னார். சந்தையில் கிழிந்த குரல் என்றாரே, பொய். பலகைத் தடுப்பே அதிர்ந்தது.

வரி முடிந்தது. அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

நானா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வேறு யார், நீதானே வெட்டினாய் என்று புருவத்தை உயர்த்தினார். “நாமு” என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. வாய் மூடிக்கொண்டே, “ம்” என்று வந்தது.

லாத்தா ஒரு கணம் யோசித்தார். தலையை ஆட்டினார். அடுத்த வரிக்குப் போனார். நான் ம். அடுத்த வரி. ம். எத்தனை வருடமாக மனைவி கெஞ்சியும் வராத ம், அன்றைக்கு வரிக்கு வரி வந்தது. நான் கேட்டால்தான் அவர் சொல்வார் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று எனக்குப் புரிந்ததே அப்போதுதான். கடைசியில், புரியாத பாஷைக்கு நடுவே திடீரென்று என் மூன்றாவது ஆளின் பெயர் கேட்டது. அவர் மகனின் பெயர். அப்புறம் என் வாப்பாவின் பெயர். நான் ம் போட மறந்து மைக்கையே பார்த்தேன். லாத்தா விடவில்லை, கை நீட்டிக் கிள்ளினார். “ம்” என்றேன், கரகரத்த குரலில். அதற்கப்புறமும் நாலைந்து வரி சொன்னார். எல்லாவற்றுக்கும் ம் போட்டேன்.

“என்ன லாத்தா சொன்னீங்க, எங்க ஆளுங்களைப் பத்தி?”

“அவங்களுக்கு நல்லது கேட்டு துஆ செஞ்சேன். கலாஸ், முடிஞ்சுது. ஒட்டு.”

ஒட்டினேன். இந்த முறை முதலில் காப்பி எடுத்தேன். மறுநாள் அவர் ரீலையும் கேசட்டுகளையும் ஆறு கீபோர்டையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். அதன்பின் நான் ஒரு இருமலைக்கூட யாரிடமும் கேட்காமல் வெட்டவில்லை. வெள்ளிக்கிழமைப் போனில் ம் சொன்னபோது மனைவி பயந்து, “உடம்புக்கு என்ன?” என்றாள்.

ஏழெட்டு வருடம் ஓடியது. கடையில் சிடி வந்துவிட்டது. ரீல் மெஷின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அதன்மேல் மச்சினன் டீ கிளாஸ் வைக்க ஆரம்பித்தான். ஒரு நாள் மத்தியானம் கடையை மூடப்போகும் நேரம், ஆறடி உயரத்தில் ஒரு வாலிபர் வந்தார். கையில் ஒரு பை கடலை. சலாம் சொன்னார். பலகைத் தடுப்பைப் பார்த்தார், ரீல் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பயறுதின்னி?” என்றார், இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக.

மச்சினன் ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். அவர் லாத்தாவின் தம்பி மகன். அத்தை நலம், கடலை அத்தை கொடுத்தது. இவரும் ஜாலிதான், மேடையில் கோராவும் வாசிப்பார், கீபோர்டும் வாசிப்பார். தம்பிகளின் பாட்டுக்காகக் கேசட்டை வாங்கியவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டுக் கேட்டு, இப்போது ஊரில் பெயர் வைக்கிற விசேஷம், கல்யாணம் எல்லாவற்றிலும் தாத்தாவின் வரிசையைத்தான் சொல்கிறார்களாம். இவரும் அதைக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்தாராம்.

“உங்க இடத்தை நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“என் இடமா?”

அவர் கண்ணாடி மேசையில் விரலால் தட்டிக்கொண்டே அவர்கள் பாஷையில் ஒரு வரி, இங்கிலீஷில் அதன் அர்த்தம் என்று ஆரம்பித்தார். கடலோரப் பட்டணத்தில் ஒருவர் இருந்தார் என்று என் மூன்றாவது ஆளின் பெயரைச் சொன்னார். அவர் மகன் இன்னார் என்றார். அவர் மகன் என்று என் வாப்பாவின் பெயரைச் சொன்னார். அவர் மகன் ஒரு பயறுதின்னி, அவன் கையில் பிளேடு இருந்தது. அடுத்த வரியை டேப்பில் அத்தை பேசியபடியே சொன்னார்: வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை அவன் வெட்டி எடுத்தான்.

லாத்தா துஆ செய்தது இதுதானா! என் குற்றத்தை ஊரறியச் சொல்லி, அதற்கு வரிக்கு வரி என் வாயாலேயே ம் வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“இந்த இடத்துல மட்டும் எங்க ஊர்ல யாரும் நாமு சொல்றதில்ல” என்றார் அந்தப் பிள்ளை. “வாயை மூடிக்கிட்டு எல்லாரும் ம் சொல்லுவோம், சின்னப் பசங்ககூட. அப்படித்தானே டேப்புல இருக்கு?”

பிறகு கடைசி வரியைச் சொன்னார். அவன் ஒன்பது நாள் குனிந்து உட்கார்ந்து, என்னைத் தேடியெடுத்து, திரும்பவும் என் வாப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்தான்.

சொல்லிவிட்டு, தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் “ம்” என்றேன்.